பத்தாம் வகுப்புக்குப் பின்: அரசு மேல்நிலைப் பள்ளியின் துறைகளும் பாடப் பிரிவுகளும்

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புப் பரீட்சையின் முடிவுகள் வெளியான பிறகு, மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் அடங்கிய உறையைக் கையில் பிடித்தபடி, அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரின் அறை வாயிலில் பெற்றோர் தம் பிள்ளைகளோடு வந்து காத்திருக்கிற காட்சியைத் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் காணலாம். உள்ளே போய் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எந்தக் குரூப் எடுத்தா நல்லதுங்க சார்?" பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றின் அடுத்த ஐந்தாறு ஆண்டுப் படிப்பையும், ஓரளவுக்கு அதன் ஜீவனத்தையுமே நிர்ணயிக்க வல்ல இந்தக் கேள்விக்கு, மதிப்பெண்களின் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து, மிகுதியாக வாங்கிய பிள்ளைக்கு முதல் குரூப், நடுத்தரமாக வாங்கிய பிள்ளைக்கு வணிகவியல், குறைவாக வாங்கிய பிள்ளைக்குத் தொழிற்கல்வி என்று ஒரு நிமிஷத்தில் விடை சொல்லிவிடுகிற வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஊரார் வகுத்த இந்தத் தாரதம்மியத்தை நம்பி, பிள்ளையின் சுபாவத்தையும் நாட்டத்தையும் கேளாமலே பிரிவை முடிவு செய்வது அறியாமையால் நேரும் அநீதி என்றே நான் கருதுகிறேன். ஒவ்வொரு பிரிவிலும் என்ன இருக்கிறது, அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொண்டால், இந்த அநீதியின் பெரும்பகுதி தானே நீங்கிவிடும்.

பத்தும் பதினொன்றும்

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடங்களையே படிக்கிறார்கள்: தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்னும் ஐந்து பாடங்கள், பத்தாம் வகுப்பில் பாடத்துக்கு 100 வீதம் 500 மதிப்பெண்கள். இவற்றைக் கற்பிப்பவர்கள் பட்டதாரி ஆசிரியர்கள். காந்தத்தைப் பற்றிக் காலையில் பாடம் நடத்திய அறிவியல் ஆசிரியரே பிற்பகலில் இருதயத்தின் அறைகளைப் பலகையில் வரைந்து காட்டுவார். பதினொன்றாம் வகுப்பில் இந்த ஏற்பாடு முற்றிலும் மாறுகிறது. அறிவியல் என்னும் ஒரே பாடம் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று பிரிந்து, ஒவ்வொன்றையும் அதற்கென்றே முதுகலைப் பட்டம் பெற்ற ஆசிரியர் ஒருவர் ஏற்றுக்கொள்கிறார். சமூக அறிவியலும் அவ்வாறே வரலாறு, பொருளியல், புவியியல், அரசியல் அறிவியல் என்று விரிகிறது. அதுவரையில் பள்ளி அறியாத வணிகவியலும் கணக்குப்பதிவியலும் புதிதாக வந்து சேருகின்றன. பள்ளிக்குத் துறைகள் என்று சொல்லத்தக்கவை உண்டாவது இங்கேதான்.

மேல்நிலை மாணவர் ஒவ்வொருவரும் ஆறு பாடங்கள் படிக்க வேண்டும். மொழிப்பாடமும் ஆங்கிலமும் எல்லாருக்கும் பொது. எஞ்சிய நான்கும் அவரவர் பிரிவைச் சார்ந்தவை. பாடத்துக்கு 100 ஆக மொத்தம் 600 மதிப்பெண்கள். ஒவ்வொன்றிலும் தேர்ச்சிக்கு 35 வேண்டும். செய்முறை உள்ள அறிவியல் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்றும், செய்முறை இல்லாதவற்றில் எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10 என்றும் வகுத்திருக்கிறார்கள். தனியார் பள்ளிகள் பல பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்திவந்த தீமையைத் தடுக்கும் பொருட்டு, 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025ஆம் ஆண்டின் மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கியது. பொதுத்தேர்வு இல்லை என்பதற்காகப் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை அலட்சியம் செய்தல் ஆகாது; அடுத்த ஆண்டுப் பாடங்களுக்கும் நுழைவுத் தேர்வுகளுக்கும் அஸ்திவாரம் அங்கேதான் இடப்படுகிறது.

இந்த ஏற்பாடு வந்த விதம்

எல்லாப் பிள்ளைகளையும் கல்லூரியை நோக்கி ஒரே வழியில் நடத்துவது தவறு என்னும் எண்ணம் இந்நாட்டுக்குப் புதியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, கலை, அறிவியல், தொழில்நுட்பம், வாணிபம், விவசாயம், நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகளைக் கொண்ட பல்நோக்கு உயர்நிலைப் பள்ளிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பின்னர் 1964 முதல் 1966 வரையில் பணியாற்றிய கோத்தாரிக் குழு, பத்தாண்டுப் பொதுக்கல்வி, இரண்டாண்டு மேல்நிலைக் கல்வி, மூன்றாண்டுப் பட்டப்படிப்பு என்ற அமைப்புக்கு வழிகாட்டியது. தமிழ்நாட்டில் அந்த மேல்நிலை வகுப்புகள் 1978இல் தொடங்கின. அவற்றின் முதல் பொதுத்தேர்வு 1980இல் நடைபெற்றது.

அதற்கு முன்பு, பதினோராண்டுப் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் புகுமுக வகுப்புக்காகக் கல்லூரி உள்ள நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. விடுதிக் கட்டணம் செலுத்த வசதியற்ற குடும்பங்களுக்கும், பெண்ணை வெளியூர் அனுப்ப அஞ்சிய பெற்றோருக்கும் அதுவே படிப்பின் எல்லையாக முடிந்தது. கல்லூரியில் கற்பித்த பாடங்களை ஊர்ப் பள்ளிக்கே கொண்டுவந்த 1978ஆம் ஆண்டின் மாறுதல், கிராமத்துப் பெண்களின் கல்வி விருத்திக்குச் செய்த உபகாரம் சாமானியமானதன்று.

நான்கு வழிகள்

பள்ளிகளில் உள்ள பிரிவுகளைப் பெயர் பெயராகப் பட்டியலிட்டால் நீளும். பிரதானமாக நான்கு வழிகளில் அவற்றை அடக்கிவிடலாம்.

முதலாவது, கணிதத்தோடு கூடிய அறிவியல். இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றும் நிலையாக இருக்க, நான்காவதாக உயிரியலோ கணினி அறிவியலோ சேரும். உயிரியல் சேர்ந்ததையே 'முதல் குரூப்' என்று ஊர் சொல்கிறது. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் ஒருசேர இடம் வைத்திருப்பதால் அதற்கு இத்தனை மதிப்பு. ஆனால் அந்த இரண்டில் எதற்குப் போவது என்று தீர்மானிக்காமலே இரண்டின் பாரத்தையும் இரண்டு ஆண்டு சுமப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் இயலக்கூடியதன்று என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கணிதம் இல்லாத அறிவியல். இதில் இயற்பியல், வேதியியலோடு தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்கள். 'பியூர் சயின்ஸ்' என்று வழங்கும் இப்பிரிவில் படித்தவரும் மருத்துவத்துக்கான நீட் தேர்வை எழுதலாம். உயிரியல் என்ற பெயரில் ஒரே பாடமாக அமையவில்லையே என்று அஞ்ச வேண்டியதில்லை.

அறிவியல் பிரிவு எத்தகைய உழைப்பைக் கேட்கிறது என்பதை வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அரைமணி நேரம் நின்றால் உணரலாம். பியூரெட்டில் ஊதா நிறப் பெர்மாங்கனேட்டை நிரப்பி, அமிலம் சேர்த்த இரும்புக் கரைசலைக் கூம்புக் குடுவையில் வைத்துக்கொண்டு, ஒரு கை குழாயைத் திருக, மறு கை குடுவையைச் சுழற்ற, சொட்டுச் சொட்டாக விழும் ஊதா நிறம் விழுந்த கணமே மறைந்துகொண்டு வரும். ஏதோ ஒரு சொட்டில் மறையாமல் வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்துவிடும். அந்த ஒரு சொட்டை அறிந்து நிறுத்தவும், திரும்பச் செய்தாலும் அதே அளவு வரும்படி பழகவும் வேண்டிய பொறுமையும் கண்ணின் சிரத்தையும் உடைய பிள்ளைக்கு, மதிப்பெண் சற்றுக் குறைந்திருந்தாலும், இந்தப் பிரிவு உரியதே.

மூன்றாவது, வணிகவியலும் கலைப்பாடங்களும். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகியவற்றோடு வரலாறு, கணினிப் பயன்பாடுகள், வணிகக் கணிதமும் புள்ளியியலும் ஆகியவற்றுள் ஒன்று அமைவது வழக்கம். சில பள்ளிகளில் புவியியல், அரசியல் அறிவியல், சிறப்புத் தமிழ் ஆகியவையும் உண்டு. இதைச் சுலபமான பிரிவு என்பவர்கள் கணக்குப்பதிவியல் நோட்டைத் திறந்து பார்த்ததில்லை. ஒவ்வொரு நடவடிக்கையையும் குறிப்பேட்டில் பற்று எது, வரவு எது என்று பகுத்து எழுதி, பேரேட்டில் உரிய கணக்குகளுக்கு எடுத்தெழுதி, கடைசியில் இருப்பாய்வில் இரு பக்கமும் சமமாக வருகிறதா என்று பார்க்கும்போது, பத்து ரூபாய் இடித்தாலும் முதல் பக்கத்திலிருந்து தேடியாக வேண்டும். தர்க்கமும் ஒழுங்கும் ஒருங்கே வேண்டப்படும் சாஸ்திரம் அது. பி.காம்., பட்டயக் கணக்கர் படிப்பு, வங்கிப் பணி ஆகியவற்றுக்கு இது நேர்வழி. வரலாறும் அரசியல் அறிவியலும் பொருளியலும் ஆழ்ந்து கற்றவருக்கு அரசுப் பணித் தேர்வுகளில் அவை பெருந்துணை.

நான்காவது, தொழிற்கல்வி. அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், வேளாண் அறிவியல், செவிலியம், நெசவுத் தொழில்நுட்பம், அலுவலக மேலாண்மை முதலிய பாடங்கள் இதில் அடங்கும். தொழிற்பாடத்தின் கருத்தியல் ஒரு பாடமாகவும், செய்முறை தனியொரு பாடமாகவும் மதிப்பிடப்படுகின்றன. கையால் செய்து கற்பதில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இதைவிட உகந்த இடம் பள்ளியில் வேறு இல்லை. இதில் சேர்ந்தால் படிப்பு இத்தோடு முடிந்தது என்பது தவறான அபிப்பிராயம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொறியியல் கல்லூரிகளிலும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் தொழிற்கல்விப் பிரிவினருக்கென்று தனி ஒதுக்கீடும் உண்டு.

எந்தப் பாடம் எந்தப் படிப்புக்கு?

பிரிவைத் தேர்வதில் மிகுந்த யோசனை வேண்டியது கணிதத்தைப் பற்றித்தான். தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007இல் நீங்கிய பின்பு, பொறியியல் தரவரிசை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைக் கொண்டே கணிக்கப்படுகிறது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. கட்டடக் கலைக்கும், கணிதம், இயற்பியல், புள்ளியியல் பட்டப்படிப்புகளுக்கும், தேசியப் பாதுகாப்பு அகாதெமியின் விமான, கடற்படைப் பிரிவுகளுக்கும் கணிதம் அவசியம். கணிதம் உடையவர் பின்னால் வணிகத்துக்கோ சட்டத்துக்கோ இலக்கியத்துக்கோ போகத் தடையில்லை. கணிதத்தை விட்டவர் பொறியியலுக்குத் திரும்புவது கடினம். ஆகையால், கணிதம் கைவரும் பிள்ளை, பயத்தினாலோ நண்பர்கள் போகிறார்கள் என்பதாலோ அதை விட்டுவிடலாகாது. அவ்வாறே, கணிதத்தைக் கண்டாலே மனம் தளரும் பிள்ளையை, பின்னால் உதவும் என்று சொல்லி அதில் கட்டாயமாகச் சேர்ப்பதும் நியாயமன்று.

சட்டப் படிப்புக்கும், இளங்கலைத் தமிழ், ஆங்கிலம், வரலாறு ஆகியவற்றுக்கும், பட்டம் பெற்ற பின் எழுதும் குடிமைப் பணித் தேர்வுக்கும் எந்தப் பிரிவிலிருந்தும் போகலாம். சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்தவர் எப்பிரிவினராயினும், அதன் தகுதிச் சுற்றைக் கடந்தால் சேர்த்துக்கொள்கிறது.

ஊர்ப் பள்ளியில் அந்தப் பிரிவு இல்லாவிட்டால்?

மேலே சொன்ன எல்லாப் பிரிவுகளும் எல்லாப் பள்ளிகளிலும் இருப்பதில்லை. ஒரு பிரிவு இருப்பதென்றால் அதன் பாடங்களுக்கு முதுகலை ஆசிரியர் பணியிடங்களும், அறிவியலானால் ஆய்வுக்கூடமும் வேண்டும். சிறிய பள்ளியில் இரண்டு மூன்று பிரிவுகளே இருக்கும். தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அவ்விடம் நிரப்பப்படாமல் பிரிவே மெல்ல மறைந்த பள்ளிகளும் உண்டு. அங்கெல்லாம் பிள்ளையின் எதிர்காலத்தைத் தேர்ந்தெடுப்பது பிள்ளையுமன்று, பெற்றோருமன்று. காலியாகக் கிடக்கும் ஒரு நாற்காலி. அரசும் கல்வித்துறையும் உடனே சிரத்தை கொள்ள வேண்டிய விஷயம் இது. ஓர் ஒன்றியத்தில் உள்ள மேல்நிலைப் பள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால், நான்கு வழிகளும் குழந்தை போய்வரக் கூடிய தூரத்தில் கிடைக்கும்படி பிரிவுகளைப் பகிர்ந்து அமைப்பது அசாத்தியமன்று. இலவசப் பேருந்துப் பயணமும், பதினொன்றாம் வகுப்பில் தரப்படும் சைக்கிளும் அதற்குத் துணையாக ஏற்கெனவே இருக்கின்றன.

பெற்றோரும், விரும்பிய பிரிவு ஊரில் இல்லை என்றதும், அடுத்த ஊர் அரசுப் பள்ளியை விசாரிக்காமல் தனியார் பள்ளிக்குப் பிள்ளையை மாற்றிவிடலாகாது. மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதலும் வழங்கப்படும் 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரையில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே உரியது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார்கள் என்பதைப் பொறுத்தவையே. கடைசி இரண்டு ஆண்டுக்காகத் தனியார் பள்ளிக்குப் போகிறவர், கட்டணத்தோடு இந்த உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

தேர்வதற்கு முன்

பிள்ளை எந்தப் பாடத்தை ஒருவரும் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். கூட்டுத்தொகையை விட்டுவிட்டு, ஐந்து பாடங்களிலும் தனித்தனியே பெற்ற மதிப்பெண்களைப் பார்க்க வேண்டும். 400 வாங்கிய இருவரில் ஒருவருக்குக் கணிதத்திலும் மற்றவருக்குச் சமூக அறிவியலிலும் மேன்மை இருக்கலாம். பள்ளியில் அந்தப் பிரிவுக்கு ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வுக்கூடம் திறக்கப்படுகிறதா, தமிழ் வழியா ஆங்கில வழியா என்பவற்றைக் கேட்டறிவது பெற்றோரின் உரிமை. 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் உயர்கல்வி வழிகாட்டல் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கிடைப்பதால், இந்த விசாரணையை மே மாதம் வரையில் தள்ளிப்போட வேண்டியதில்லை. சேர்ந்த பின்பு பிரிவு பொருந்தவில்லை என்று தெரிந்தால், தொடக்க வாரங்களிலேயே தலைமையாசிரியரை அணுக வேண்டும், இடமிருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டுத்தொகையைப் பார்த்து விடை சொல்வதற்கு முன், அருகே நிற்கும் பிள்ளையை நோக்கி, "உனக்கு எதுப்பா பிடிக்கும்?" என்று கேளுங்கள். தந்தைக்குத் தெரியாததும் மதிப்பெண் பட்டியலில் இல்லாததுமான செய்தி அந்தப் பிள்ளையிடம் மட்டுமே இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு சொல்லப்படும் யோசனையே நல்ல யோசனையாகும்.