சாய்ந்து உருளும் தட்டு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. காலபோக நெல்லுக்கு வானம்தான் வாய்க்கால். அதனால் இங்கே பெரும்பாலும் புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வடகீழ்ப் பருவமழையைப் பார்த்திருப்பார்கள். அந்தப் புழுதியும் சும்மா வராது. முதல் உழவு புரட்டிப்போட்ட கட்டிகளின் இடுக்கில் விழுந்த விதைநெல்லைச் சுற்றி வெறும் காற்றுத்தான் இருக்கும். மழை பெய்தாலும் ஈரமண் அதை அணைக்காது. கட்டியை உடைக்க வருவதுதான் தட்டுப் பலுகு.

உழவு மெசினுக்குப் பின்னால் பூட்டியிருக்கும் அதைக் குனிந்து பாருங்கள். சட்டிபோலக் குழிந்த உருக்குத் தட்டுகள், முன்னும் பின்னுமாக இரண்டு வரிசைகளில், வரிசைக்கு ஓர் அச்சில் கோத்தபடி இருக்கும். அவற்றைச் சுழற்ற எஞ்சினிலிருந்து எந்தத் தொடுப்பும் இல்லை. இழுக்க இழுக்க மண்ணே சுழற்றுகிறது!

சூட்சுமம் அச்சின் சாய்வில் இருக்கிறது. தட்டு நேராக உருண்டால் நிலத்தில் ஒரு கீறல்தான் மிஞ்சும். அச்சை 20 பாகை திருப்பி வையுங்கள். இப்போது மெசின் ஒரு மீற்றர் போனால், தட்டு தன் போக்கில் 94 சென்ரிமீற்றர்தான் உருளும். கூடவே 34 சென்ரிமீற்றர் பக்கவாட்டில் இழுபடும். அந்த இழுபாட்டில்தான் மண் குழிவுக்குள் ஏறி, சுருண்டு, நொறுங்கிக் கொட்டுகிறது. முன்வரிசை வெளியே வீசும் மண்ணைப் பின்வரிசை உள்ளே திருப்பி வீசும். இரண்டின் பக்கத்தள்ளலும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் மெசின் கோணாமல் போகிறது. எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். கல் தலைநீட்டும் இடத்தில் கொத்துக் கலப்பையின் முனை கொளுவி நின்றுவிடும். தட்டோ ‘கிணுங்’ என்று ஏறி இறங்கிப் போய்விடும்.

ஆனால் அளவு தெரிய வேண்டும். ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால், விளிம்புகள் தாங்கும் பாரத்தில் அடிமண் இறுகி வேர் இறங்காது. கோரைக் களை உள்ள நிலத்தில் நேரமும் பார்க்க வேண்டும். ஈரத்தில் தட்டை விட்டால் கோரைக் கிழங்குச் சங்கிலி துண்டுபட்டு, ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியே முளைவிடும். ஆவணி வெயிலில் விட்டால் அதே கிழங்குகள் மேலே வந்து, சில நாட்களில் சுருங்கிக் கருகிக் கிடக்கும்.