சிறு டாங்கியும் அதன் அழுக்கும்



முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிவிட்டு ஓய்வுபெற்ற ஒருவன், மூக்குக்கண்ணாடியும் மெல்லிய தூரிகையுமாக உட்கார்ந்து, உள்ளங்கையளவுள்ள ஒரு போர் டாங்கிக்குச் சேறு பூசிக்கொண்டிருக்கிறான் என்றால், உங்களுக்குச் சிரிப்பு வருவது இயற்கையே. என் வீட்டாரும் முதலில் சிரித்தார்கள். 'பேரனுக்கு வாங்கிய விளையாட்டுச் சாமானைத் தாத்தா பறித்துக்கொண்டார்' என்று அண்டை வீடுகளிலும் ஒரு பேச்சு உலவியது. அதில் பாதி உண்மை. பெட்டி பேரனுக்காக வாங்கியதுதான். அவன் இரண்டு சக்கரங்களை ஒட்டிவிட்டுப் பந்து விளையாடப் போய்விட்டான். மீதியை நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டியில் இருந்தது 'செஞ்சுரியன்' என்னும் பிரிட்டிஷ் டாங்கியின் மாதிரி. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் உருவாகி, 1945ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் முதல் சில வண்டிகள் ஜெர்மனியை அடைந்தபோது அங்கே போர் முடிந்துவிட்டது. பிறகு கொரியாவிலும், நம் நாட்டுப் படையில் 1965, 1971ஆம் ஆண்டுப் போர்களிலும், வியட்நாமிலும் அது களம் கண்டது. எடை ஏறத்தாழ 51 டன். உள்ளே நால்வர்: தலைவர், பீரங்கி சுடுபவர், குண்டு நிரப்புபவர், ஓட்டுநர்.

மாதிரி முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் அமைந்தது. ஏன் முப்பத்தைந்து? முப்பதோ நாற்பதோ என்றால் கணக்குக்கு எளிதாயிற்றே என்று நானும் எண்ணினேன். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானில் தாமியா என்னும் நிறுவனம் 'பாந்தர்' என்ற ஜெர்மன் டாங்கியின் மாதிரியைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் மின்கலமும் அடங்க வேண்டும் என்பதற்காகவே உடலின் அளவை முடிவு செய்தார்களாம். பிறகு அளந்து பார்த்தால் அது மூல வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. அந்த எண்ணே உலகெங்கும் நிலைத்துவிட்டது. நாம் பெருமதிப்போடு பின்பற்றும் பல அளவுகளுக்குப் பின்னால் இத்தகைய எளிய காரணங்கள் இருப்பதுண்டு.

இந்த எண்ணை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அதைச் சுற்றியே வரும். உண்மை வண்டியின் அகலம் 3.39 மீட்டர், மாதிரியில் அது 97 மில்லிமீட்டர். நீளம் இப்படிச் சுருங்க, எடையோ முப்பத்தைந்தை மும்முறை பெருக்கி வரும் 42,875 என்னும் எண்ணால் வகுபடும். அதாவது, இதே அளவில் எஃகினாலேயே துல்லியமாக ஒரு டாங்கி செய்தால் அது சுமார் 1.2 கிலோகிராம் இருக்கும். நம் கையில் உள்ளதோ பிளாஸ்டிக். எடை சில நூறு கிராம். ஆகவே, எடையினால் விளையும் எதையும் மாதிரி தானாகக் காட்டாது. நாமே காட்ட வேண்டும். மண்ணில் சக்கரச் சங்கிலி அழுந்திய தடமும், சக்கரங்களுக்கு மேலே சங்கிலி தன் பாரத்தால் தொய்ந்து நிற்கும் வளைவும் செய்பவன் கருதிச் செய்தாலன்றி வாரா.

ஒட்டும் வேலையைப் பற்றி நீளப் பேசப் போவதில்லை. பெட்டியிலுள்ள படங்கள் அதைக் கற்பித்துவிடும். இரண்டு செய்திகள் மட்டும். ஒன்று, இதற்குரிய பசை உண்மையில் பசையன்று. பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கை இளக்கும் ஒரு திரவம் அது. இரு விளிம்புகளும் இளகி ஒன்றாகிய பின் திரவம் ஆவியாகிப் போய்விடுகிறது. எஞ்சுவது ஒரே துண்டு. அந்த ஆவி மூச்சுக்கு ஆகாது. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். மற்றொன்று, அச்சின் இரு பாதிகள் கூடும் இடத்தில் துண்டுகளின் மேல் மெல்லிய வரம்பு ஒன்று ஓடும். அதைத் தேய்த்து அகற்ற வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் வழவழப்பாக்கிவிடலாகாது. செஞ்சுரியனின் சுழலும் கோபுரம் வார்ப்பு எஃகு. வார்ப்பின் மேற்பரப்பு சொரசொரப்பானது. நான் முதலில் அதைக் கண்ணாடிபோல் தேய்த்துவிட்டேன். பிறகு பசையைத் தடவி, அது இளகிய நிலையில் பழைய தூரிகையால் குத்திக் குத்தி அந்தச் சொரசொரப்பை மீட்க வேண்டியதாயிற்று.

அடுத்து வண்ணம். அடிப்பூச்சின் மேல் பச்சை. படைத்துறை எந்தப் பச்சையைப் பூசியதோ அதே பச்சையைப் பூசினால் மாதிரி கறுத்துத் தெரியும். காரணத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். மாதிரியை நாம் 30 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்கிறோம். அது உண்மை வண்டியைப் பத்தரை மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு ஒப்பாகும். வெட்டவெளியில், வானத்தின் ஒளியில், அத்தனை தூரத்தில் நிற்கும் பெரும்பரப்பு கண்ணுக்குச் சற்று வெளிறியே தோன்றும். மேசை மேலுள்ள சிறு பொருளுக்கு அந்த ஒளியும் தூரமும் இல்லை. எனவே, கலவையில் சிறிது வெண்மை சேர்ப்பது வழக்கம். எவ்வளவு என்பதில் இக்கலையில் வல்லோர் இன்றும் சண்டையிட்டுக்கொள்கிறார்கள். என் கண்ணுக்குச் சரியாகப்பட்டதை நான் செய்தேன்.

இனி, நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். வண்ணம் பூசிய மாதிரி, தொழிற்சாலை வாயிலைத் தாண்டாத வண்டியைப் போல் இருக்கும். வெயிலும் மழையும் புழுதியும் பட்டு உழைத்த தோற்றத்தை அதற்கு அளிப்பதே இக்கலையின் சுவையான பகுதி. கருவிகளோ எளியவை. எண்ணெய் வண்ணத்தைக் கற்பூரத்தைலத்தில் நீர்க்கக் கரைத்து ஒரு மூலையில் தொட்டால், அது இடுக்குகளின் வழியே தானே ஓடிப் படியும்; விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்புழை ஏற்றந்தான். தைலம் அடியிலுள்ள பச்சையைக் கரைத்துவிடாதிருக்க, அந்தப் பச்சை நீரில் கரைந்த அக்ரிலிக் வண்ணமாக இருப்பது நலம். தூரிகையில் வண்ணத்தைத் தொட்டுத் துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, விளிம்புகளில் வருடினால் மேடுகள் மட்டும் துலங்கும். உலோகம் தேய்ந்து மின்னும் இடத்துக்குப் பென்சில் முனையின் தூள் போதும். புழுதிக்கு வண்ணத்தூள்.

இவ்வளவையும் கற்ற உற்சாகத்தில் என் முதல் டாங்கியை நான் அழுக்காக்கிய விதத்தைச் சொன்னால் நீங்கள் மீண்டும் சிரிப்பீர்கள். துரு, துரு, எங்கும் துரு! பீரங்கிக் குழலில் துரு, கோபுரத்தில் துரு, சக்கரங்களில் துரு. பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். அப்போது கவசப்படையில் பல ஆண்டுகள் பழுதுபார்க்கும் பணியில் இருந்து ஊர் திரும்பிய என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். மாதிரியை மரியாதையோடு இரு கைகளாலும் எடுத்தார். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். ரப்பருக்குத் துரு ஏறுமா?"

சக்கரங்களின் விளிம்பு ரப்பர் என்பதை மறந்து அதன் மேலும் துருவைப் பூசியிருந்தேன்! ஒரு காலத்தில் இவருக்கு விடைத்தாள் திருத்தியவன் நான். "தவறுதான் தம்பி, இன்னும் என்னென்ன என்று சொல்" என்றேன். அவர் தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்கியவர், பிறகு ஒரு மணி நேரம் பேசினார்.

கவசத் தகடு வண்ணம் பூசப்பட்டது. நாள்தோறும் நால்வர் பேணுவது. கீறல் பட்ட இடத்தில் சிறிது துரு தோன்றலாமேயன்றிக் கைவிடப்பட்ட கிணற்று இறைவைபோல் ஆகாது. சங்கிலியின் எஃகு நின்ற இடத்தில் பழுப்பேறும். ஓடத் தொடங்கியதும் தரையில் உரசும் பக்கமும் சக்கரம் உருளும் பக்கமும் தேய்ந்து பளபளக்கும். இரண்டையும் ஒரே நிறத்தில் பூசினால் அந்த வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. பின்புறம் புகைபோக்கியின் அருகே கரி. எரிபொருள் ஊற்றும் மூடியைச் சுற்றிப் புழுதி கரைந்த வட்டம். செஞ்சுரியன் ஒருமுறை நிரப்பிய பெட்ரோலில் ஏறத்தாழ 100 கிலோமீட்டரே ஓடும் என்பதால், அந்த மூடி அடிக்கடி திறக்கப்பட்டிருக்கும். கடைசியாக அவர் கேட்டதுதான் என்னைத் தைத்தது.

"இதில் ஆட்கள் ஏறி இறங்கினதாகவே தெரியவில்லையே, ஐயா? எங்கே கால் வைத்தார்கள்?"

உண்மை. நான் டாங்கிக்கு வயதைக் கொடுத்திருந்தேன். அதனுள் இருந்த மனிதரைக் கொடுக்கவில்லை. ஏறும்போது பூட்ஸ் படும் விளிம்பிலும், கை பற்றும் பிடியிலும், மூடியின் ஓரத்திலும் வண்ணம் தேய்ந்திருக்க வேண்டும். அதன் அளவுக்கும் கணக்கு உண்டு. உண்மையில் 5 மில்லிமீட்டர் உள்ள ஒரு வண்ணப்பெயர்ப்பு மாதிரியில் 0.14 மில்லிமீட்டர், ஒரு தலைமயிரின் பருமனைவிடச் சற்றே அதிகம். நான் வைத்த புள்ளிகள் ஒரு மில்லிமீட்டர்; அதாவது, மூன்றரை சென்டிமீட்டர்ப் பெயர்ப்புகளை நூற்றுக்கணக்கில் வைத்திருந்தேன்.

அன்று முதல், தூரிகையைத் தொடுமுன் ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்கிறேன்: எந்த வண்டி, எந்த ஊர், எந்த மாதம்? 1965 செப்டம்பரில் பஞ்சாபில் அசல் உத்தர் என்னும் இடத்தில் நம் செஞ்சுரியன்கள் கரும்புத் தோட்டங்களில் மறைந்து நின்றன. நீர் பாய்ச்சப்பட்டிருந்த வயல்களில் எதிரியின் பாட்டன் டாங்கிகள் பல சிக்கிக்கொண்டன. அந்தக் களத்தைக் காட்டுவதானால், கீழே ஈரச்சேறு கறுத்தும், முன்பே உலர்ந்தது வெளிறியும் இருக்க வேண்டும்; சங்கிலியில் பயிரின் தாளும் சிக்கியிருக்கலாம். வியட்நாமில் 1968 முதல் 1971 வரை இருந்த ஆஸ்திரேலியச் செஞ்சுரியன்களிலோ, பக்கவாட்டுத் தகடுகளைப் பெரும்பாலும் கழற்றிவிட்டார்கள். தகட்டுக்கும் சங்கிலிக்கும் இடையே சேறும் செடிகொடியும் அடைத்துக்கொண்டதே காரணம். ஒரே அச்சில் வந்த பிளாஸ்டிக், இரு வேறு வரலாறுகளைப் பேச வேண்டியிருக்கிறது.

இப்போது நான் செய்துகொண்டிருப்பது மூன்றாவது ஒன்று. அதன் எண் 169041. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஈமு ஃபீல்டு என்னும் பாலையில், 1953 அக்டோபர் 15ஆம் நாள், பிரிட்டன் ஓர் அணுகுண்டை இரும்புக் கோபுரத்தின் மேல் வைத்து வெடித்துச் சோதித்தது. அதிலிருந்து 500 கஜத்துக்கும் குறைவான தொலைவில், எஞ்சின் ஓடிய நிலையில் ஆளின்றி இந்த டாங்கி நிறுத்தப்பட்டது. வெடிப்பு அதைச் சுமார் ஐந்தடி தள்ளியது. பக்கவாட்டுத் தகடுகள் பிய்ந்து வெகுதூரம் பறந்தன. வானொலிக் கம்பிகள் போயின. பீரங்கியின் அடியை மூடிய துணி எரிந்தது. விளக்குகளும் பார்வைக் கண்ணாடிகளும், பறந்து வந்த மணலால் அராவப்பட்டு மங்கின. எஞ்சினும் நின்றிருந்தது, எரிபொருள் தீர்ந்ததால் நின்றதேயன்றி வேறு கோளாறில்லை. டாங்கியை அங்கிருந்து ஓட்டியே கொண்டு சென்றார்கள். பின்னர் அதே வண்டி வியட்நாமுக்கும் போய், 1969இல் ராக்கெட் குண்டு ஒன்று துளைத்து உள்ளிருந்தவர்கள் காயமுற்றபோதும் களத்தைவிட்டு விலகவில்லை.

இதை அழுக்காக்குவது எளிதன்று. பக்கவாட்டுத் தகடுகள் இல்லாததால் மேற்சங்கிலியின் தொய்வு முழுதும் வெளியே தெரியும். அதற்கே இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. மணல் அராவியது வெடிப்பை நோக்கிய முகங்களில். மறைவான பக்கங்களில் பழைய வண்ணம் இருக்க வேண்டும். வழக்கமான கரி, எண்ணெய், பூட்ஸ் தேய்வு இவற்றுக்கும் மேலே ஒரே கணத்தில் விழுந்த அடுக்கு இது. அந்தப் புழுதி டாங்கியின் மேல் மட்டும் படியவில்லை. காற்று கொண்டு சென்ற கதிரியக்கப் படிவு, வாலட்டின்னா என்னும் இடத்துக்கு அருகே வாழ்ந்த பழங்குடி மக்களின் மேல் ஒரு கரிய மூடுபனியாக வந்து கவிந்ததென்று, 1985இல் ஆஸ்திரேலிய அரச விசாரணைக் குழு தன் அறிக்கையில் ஏற்றுக்கொண்டது. செந்நிறத் தூளைத் தூரிகையில் தொடும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து என் கை நிற்கிறது.

பெட்டியில், மூடியின் வழியே மார்பளவு தெரியும்படி நிற்கும் டாங்கித் தலைவரின் சிறிய உருவம் ஒன்று இருக்கிறது. முகத்தையும் தொப்பியையும் மிக நேர்த்தியாக வடித்திருக்கிறார்கள். பேரன் அதைத் தானே வண்ணம் பூசிக் கொண்டுவந்து, "தாத்தா, இவரை எப்போது நிறுத்தப் போகிறீர்கள்?" என்று கேட்டான். அன்று அதனுள் ஆட்கள் இருந்திருந்தால் அதிர்ச்சியலையிலேயே மாண்டிருப்பார்கள் என்பதே வல்லுநர் கண்ட முடிவு. டாங்கி ஓடியது, அவ்வளவுதான். அவனுக்கு அதை எடுத்துச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அந்த உருவத்தைப் பஞ்சில் சுற்றி, பஞ்சாபுக்கு என்று எழுதி, மீண்டும் பெட்டிக்குள் வைத்துவிட்டான்.