பாட்டியின் முகம் அப்படியே படத்தில் வரவேண்டுமா?

ஸ்டூடியோ விளக்கு இல்லாமல், திறந்த வெளியில் நல்ல போட்டோ எடுக்க முடியுமா?

முடியும். விலை உயர்ந்த காமிரா வேண்டாம். கையில் இருக்கும் செல்போன் போதும். கொஞ்சம் நிழல், ஒரு வெள்ளை வேட்டி, நிறையப் பொறுமை. இவை இருந்தால் வீட்டு வாசலே ஸ்டூடியோதான்!

அன்று பெயர், இன்று முகம்

காஞ்சீபுரம் மாவட்டத்தில் இருக்கிறது உத்திரமேரூர். சரித்திரப் புகழ் பெற்ற ஊர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், ஊர்ச் சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் இங்கே கல்லில் வெட்டப்பட்டன. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போடுவார்கள். ஒரு சிறுவன் கையை விட்டு எடுப்பான். அதுதான் குடவோலை முறை.

அப்போது பெயர் போதும். இப்போது முகமும் வேண்டும்! வாக்காளர்களுக்குப் படத்துடன் அடையாள அட்டை கொடுக்கவேண்டும் என்று தேர்தல் கமிஷன் 1993-ல் உத்தரவு போட்டது. அதன் பிறகு கிராமத்துக் கிழவிகளும் காமிரா முன்னே உட்கார்ந்தார்கள்.

பல வீடுகளில், பெரியவர்களுக்கு இருக்கும் ஒரே தனிப்படம் அந்த அட்டைப் படம்தான். பாட்டி கண்ணை மூடியதும், வீட்டார் பெட்டியைத் துழாவுகிறார்கள். தபால் தலை அளவுள்ள அந்தப் படத்தைப் பெரிதாக்கி, மாலை போட்டு மாட்டுகிறார்கள். மிரண்ட பார்வை, கலங்கிய முகம். பேரன் பேத்திகள் காலமெல்லாம் பார்க்கப் போவது அதைத்தான்!

பாட்டி சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே, அரை மணி நேரம் செலவழித்து, ஒரு நல்ல படம் எடுத்து வைக்கலாமே!

உச்சி வெயில் எதிரி

உத்திரமேரூர்ப் பக்கம் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. அதுவே தொல்லை. உச்சி வெயில் தலைக்கு மேலிருந்து விழும். கண் குழியிலும் மூக்கின் கீழும் கரிய நிழல் படியும். ஆளும் கண்ணை இடுக்கிக்கொள்வார்.

காலை 7 மணி, 8 மணி நல்ல நேரம். மாலை 5 மணிக்கு மேலும் நல்லது. அப்போது வெயில் சாய்ந்து, இதமாக விழும்.

பகலில்தான் எடுத்தாகவேண்டும் என்றால்? திண்ணை இருக்கிறது! கூரை நிழல் முடியும் இடத்திலிருந்து ஒரு அடி உள்ளே தள்ளி, தெருவைப் பார்த்தாற்போல் உட்காரவையுங்கள். வெயில் மேலே படாது. வானத்து வெளிச்சம் மட்டும் முகத்தில் மெதுவாக விழும்.

மரத்தடியில் கவனம் தேவை. இலை இடுக்கு வழியே வெயில் புகுந்தால், முகத்தில் வெள்ளைத் திட்டுகள் விழும். அடர்ந்த நிழலாகப் பாருங்கள்.

கண்ணுக்குக் கீழே இன்னும் இருட்டாக இருக்கிறதா? ஒருவர் வெள்ளை வேட்டியை நன்றாக விரித்து, பாட்டியின் மார்புக்குக் கீழே, படத்தில் விழாதபடி பிடிக்கட்டும். வேட்டியில் பட்ட வெளிச்சம் திரும்பி முகத்துக்கு வரும். வண்ணத் துணி வேண்டாம். அதன் நிறம் முகத்தில் ஏறிவிடும்.

சிலை போல நிற்பது ஏன்?

காமிராவைக் கண்டதும் நம்மவர்கள் விறைத்துக்கொள்கிறார்கள். இது பழைய பழக்கம்.

1839-ல் பிரான்சில் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது ஒரு படம் விழப் பல நிமிஷங்கள் ஆகும். அசைந்தால் படம் கெட்டுவிடும். ஆகவே, பிற்பாடு ஸ்டூடியோக்களில் தலைக்குப் பின்னால் இரும்புக் கவை வைத்து முட்டுக்கொடுத்தார்கள். அந்த நிலையில் யாருக்குச் சிரிப்பு வரும்?

லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1856-ல் சென்னை அரசாங்கத்தின் போட்டோக்காரராக நியமிக்கப்பட்டார். மதுரை, தஞ்சாவூர் கோயில்களை அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. கோயில் அசையாது. மனிதர்கள் அசைவார்களே!

இன்று ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரமே போதும். விறைப்பு எதற்கு? பாட்டியை நேராக நிறுத்தாமல், உடம்பைச் சற்றுத் திருப்பி உட்காரவையுங்கள். முகம் மட்டும் காமிராவைப் பார்க்கட்டும். கைக்கு வேலை கொடுங்கள். பூத் தொடுக்கலாம், வெற்றிலை மடிக்கலாம், பேரனைப் பிடித்துக்கொள்ளலாம்.

கண் சிமிட்டுகிறாரா? கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணித் திறக்கச் சொல்லுங்கள். திறந்ததும் எடுத்துவிடுங்கள்!

குழந்தையை எடுக்கும்போது தரையில் உட்காருங்கள். மேலிருந்து எடுத்தால் தலை பெருத்து, கால் சிறுத்துவிடும்.

கண்தான் முக்கியம்

முதலில் செல்போன் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். சட்டைப் பையின் அழுக்கும் விரல் எண்ணெயும் படத்தை மங்கலாக்கும்.

பிறகு, திரையில் பாட்டியின் கண் மேல் விரலை வையுங்கள். அந்த இடம் துல்லியமாகும். முகம் திரும்பி இருந்தால், அருகில் உள்ள கண்ணைத் தொடுங்கள். காது மங்கினால் குற்றமில்லை. கண் மங்கினால் படம் போச்சு!

ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள். கிட்டே போனால் மூக்குப் பெரிதாகத் தெரியும். குடும்பமாக எடுத்தால், பிறை போல வளைத்து நிறுத்துங்கள். எல்லாரும் ஒரே தூரத்தில் இருப்பார்கள். பின்னால் விளக்குக் கம்பம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தலையிலிருந்து கம்பம் முளைக்கவேண்டாம்!

ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற மாது கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் வாழ்ந்தபோது, 48 வயதில்தான் அவருக்குக் காமிரா கிடைத்தது. கோழிக் கூண்டையே ஸ்டூடியோ ஆக்கினார்! “படம் துல்லியமாக இல்லை” என்று மற்றப் போட்டோக்காரர்கள் குறை சொன்னார்கள். அவர் தெரிந்தேதான் சற்று மங்கலாக விட்டார். 1875-ல் இலங்கைக்குக் குடிவந்து, தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். மங்கல் இருந்தும் அவருடைய படங்களில் மனிதர்களின் குணம் தெரிகிறது. அதுதான் கலை!

பென்சில் வித்தை

படத்தைத் திருத்துவது இன்று வந்த வழக்கம் அல்ல. ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ப்ஸ்டேங்கல் என்பவர், 1855-ல் பாரிஸ் பொருட்காட்சியில், நெகட்டிவைத் திருத்தி எடுத்த படங்களைக் காட்டினார். பார்த்தவர்கள் அதிசயித்தார்கள். பிறகு ஊர் ஊராக அந்த வித்தை பரவியது. கூரான பென்சிலால் நெகட்டிவில் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். பரு மறையும், கண்ணடிக் கருமை குறையும்.

அதற்குக் காரணமும் இருந்தது. பழைய பிலிம்களுக்குச் சிவப்பு தெரியாது. குங்குமம் கறுப்பாக விழும். சிவந்த தழும்பும் கறுப்பாக விழும். அதைச் சரிக்கட்டவே பென்சில் வேண்டியிருந்தது.

இப்போது அந்தச் சங்கடம் இல்லை. ஆனால் செல்போன் தானாகவே முகத்தை மெழுகி, வெளுப்பாக்கிவிடுகிறது. பாட்டியின் முகம் பொம்மை முகம் ஆகிவிடுகிறது!

எதை அழிக்கலாம்?

ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் தானாக மறையக்கூடியதை அழிக்கலாம். பரு, வேர்க்குரு, கொசுக்கடி, வியர்வைப் பளபளப்பு போன்றவை அவை.

என்றும் இருப்பதை அழிக்கக்கூடாது. மச்சம், தழும்பு, சுருக்கம், நிறம் ஆகியவை அந்த மனிதருக்கே உரியவை. பள்ளிச் சான்றிதழிலேயே மச்சத்தை அங்க அடையாளமாக எழுதுகிறார்களே! நிறத்தை மாற்றுவது திருத்தம் அல்ல, அவமதிப்பு. அடையாள அட்டைப் படம் என்றால், முகத்தில் எதையுமே மாற்றாதீர்கள்.

பழைய படங்களுக்கு இன்று மதிப்பு கூடியிருக்கிறது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன், தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் பிரதி எடுத்திருக்கிறது. சாதாரணக் குடும்பப் படங்களும் சரித்திரம் ஆகிவிட்டன!

செல்போனில் எடுத்த படம் செல்போனோடு போய்விடலாம். கடையில் கொடுத்து ஒரு பிரதி போட்டு வையுங்கள். அதன் பின்புறத்தில் மறக்காமல் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். முகம் மட்டும் இருந்து பெயர் இல்லாவிட்டால், நாளைக்கு அது யாரோ ஒருவர் படம்தான்!