எழுத்துக்கு முந்திய எழுத்து

திருவான்மியூர்க் கடற்கரை மணலில் நாம் எழுதும் பெயரை அடுத்த அலை அழித்துவிடும். கல்லிற் கீறியதோ காலங்கடந்து நிற்கும். கேரளத்து வயநாட்டின் அம்புகுத்தி மலையிலுள்ள எடக்கல் இதற்குச் சான்று.

குகை எனப்படினும் இது மலைப்பிளவே. இரு பாறைகளின் இடுக்கில் பெருங்கல்லொன்று சிக்கிக் கூரையாயிற்று. 'இடைக்கல்' என்னும் பெயர்க்காரணமும் அதுவே. மலபார்க் காவல்துறை அதிகாரி பாசெட் இதனைக் கண்டு, 1901இல் கட்டுரை வெளியிட்டார்.

தலையணி தரித்த மனிதர், விலங்கு, சக்கரம் முதலிய உருவங்கள் சுவர்களில் ஆழக் கீறப்பட்டுள்ளன. இவற்றுட் பல புதிய கற்காலத்தன என்பர் அறிஞர். அருகிலேயே பிற்காலத்துத் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள. குறியீடும் எழுத்தும் ஒரே சுவரில் அமைந்தமை எண்ணி மகிழத்தக்கது.

மாணவச் செல்வங்களே! சுற்றுலாவில் பாறைமீது பெயர் கீறாதீர். ஓர் ஆணிக்கீறல் பல்லாயிரமாண்டுச் சான்றைச் சிதைத்துவிடும். பெயரை மணலில் எழுதுங்கள், கல்லைப் படியுங்கள்.