விளையாடும் பெண்களும் மார்பகப் பாதுகாப்பும்

2025-ஆம் ஆண்டு பஹ்ரைனில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கப் பதக்கம் வென்றது. அவ்வணியில் ஆடிய கார்த்திகா, சென்னையின் தென்புறத்துக் கண்ணகி நகரைச் சேர்ந்தவர். நம் வீட்டுப் பெண்ணும் இவ்வாறு புகழ் பெறலாகாதா என்று தாம்பரம் சுற்றுவட்டாரத்துப் பெற்றோர் எண்ணுவது இயல்பே. வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரிலேயே விளையாட்டுக்கென்று ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது.

ஆயினும், முழங்காலில் சிராய்ப்பு என்றால் உடனே காட்டும் பெண், மார்பில் முழங்கை இடித்தால் தாயிடமும் கூறத் தயங்குகிறாள். நாமும் கேட்பதில்லை.

மார்பகத்தினுள் எலும்பும் இல்லை, தசையும் இல்லை. மேல்தோலும் மெல்லிய நார்களுமே அதனைத் தாங்கி நிற்கின்றன. எனவே ஓடும்போதும் குதிக்கும்போதும் அது அசைந்து வலி உண்டாகிறது. அளவுக்குப் பொருந்திய உறுதியான உள்ளாடை இவ்வசைவைப் பெரிதும் குறைக்கும். கடைகளில் 'ஸ்போர்ட்ஸ் பிரா' என்று கேட்டால் கிடைக்கும். அதன் மீள்தன்மை தளர்ந்தபின் புதியது வாங்க வேண்டும். காலணிக்குச் செலவிடும் தந்தையர் இதனை வீண்செலவாகக் கருதலாகாது.

அடிபட்டவுடன் துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைக்கலாம். எண்ணெய் தேய்த்து உருவுதல் கூடாது. உள்ளே இரத்தக் கசிவு மிகும்.

அடிபட்டால் புற்றுநோய் வரும் என்றஞ்சி ஆட்டத்தையே நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. இவ்வச்சம் ஆதாரமற்றது. அடிபட்ட இடத்தில் கொழுப்புத் திசு சிதைந்து, சில வாரங்கள் கழித்துக் கட்டிபோல் தட்டுப்படலாம், அது புற்றுநோயன்று. ஆனால் முன்னரே இருந்த வேறொரு கட்டி, அடிபட்ட பின்னரே கவனத்திற்கு வருவதும் உண்டு. இவ்விரண்டையும் தொட்டுப் பார்த்தே பிரித்தறிதல் மருத்துவருக்கும் எளிதன்று, ஸ்கேன் தேவைப்படலாம். ஆகவே இரண்டு மூன்று வாரங்களில் கரையாத கட்டி, காம்பில் கசிவு, தோல் சுருக்கம் இவற்றைக் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். சிவப்பும் காய்ச்சலும் கண்டால் அன்றே செல்ல வேண்டும். மேற்சிகிச்சைக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது.

ஊராட்சி உறுப்பினர்கள் ஆடுகளத்தில் கல் பொறுக்கி மண்ணைப் பதப்படுத்துவதுடன், உடை மாற்ற ஒரு மறைவறையும் அமைத்துத் தரலாம். பயிற்சியின்போது பெண் ஆசிரியை ஒருவரோ கிராம சுகாதாரச் செவிலியரோ உடனிருக்க ஏற்பாடு செய்தால், பெண் பிள்ளைகள் தம் வலியை வாய்விட்டுக் கூறுவர்.