ஒருமுறை வந்த கொரோனா மீண்டும் வருவது ஏன்?

வீட்டில் வைத்திருந்த ஏஆர்டி கருவியை எடுத்துப் பரிசோதிக்கிறீர்கள். சற்று நேரத்தில் இரண்டாவது கோடும் தெரிகிறது. “போன ஆண்டுதானே வந்துபோனது? தடுப்பூசியும் போட்டாயிற்றே! பிறகு எப்படி?” என்று மனம் கேட்கிறது.

கேள்வி நியாயமானதுதான். தட்டம்மை ஒருமுறை வந்துபோனால் பெரும்பாலும் ஆயுளுக்கும் திரும்பி வருவதில்லை. கொரோனா மட்டும் ஏன் வந்த வீட்டுக்கே மறுபடியும் வருகிறது? நம் உடலின் எதிர்ப்பாற்றல் தோற்றுவிட்டதா?

இதற்கு விடை தேடிய முக்கியமான ஆய்வுகளில் சில நம் சிங்கப்பூரிலேயே நடந்தவை. அவற்றின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். கிருமி தொற்றாமல் தடுக்கும் ஆற்றல் வேறு. தொற்றிய கிருமி நம்மைப் படுக்கையில் தள்ளாமல் காக்கும் ஆற்றல் வேறு. முதலாவது சில மாதங்களில் தளர்ந்துவிடுகிறது. இரண்டாவது நெடுநாள் நிற்கிறது.

சளிக் கிருமிகள் தந்த பாடம்

கொவிட்-19 வருவதற்கு முன்பே நான்கு வகைக் கொரோனா கிருமிகள் மனிதர்களிடையே உலவிக்கொண்டிருந்தன. பெரும்பாலும் சளி, தும்மல், தொண்டைக் கரகரப்போடு போய்விடுபவை என்பதால் யாரும் அவற்றைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

பிரிட்டனில் சளி பற்றி ஆராய்ந்த மருத்துவர்கள், அந்த நான்கில் ஒன்றான 229இ கிருமியை 15 தொண்டூழியர்களின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். 10 பேருக்குத் தொற்றியது. ஓராண்டு கழித்து அதே கிருமியை மறுபடியும் விட்டார்கள். முதல்முறை தொற்றுக்கு ஆளானவர்களில் 9 பேர் திரும்ப வந்திருந்தனர். அவர்களில் 6 பேருக்கு மீண்டும் தொற்றியது. ஆனால் ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை. 1990ல் வெளிவந்த இந்த முடிவு, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு உலகமே கேட்கப்போகும் கேள்விக்கு முன்கூட்டியே பாதி விடை சொல்லியிருந்தது.

மீதி விடை நெதர்லாந்திலிருந்து வந்தது. ஆம்ஸ்டர்டாமில் 1980களிலிருந்து சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளை லியா வான் டெர் ஹூக் தலைமையிலான குழுவினர் எடுத்து ஆராய்ந்தனர். 10 ஆடவர்களின் 35 ஆண்டுக் கதை அந்த மாதிரிகளில் பதிவாகியிருந்தது. சளி தரும் கொரோனா கிருமிகள் ஒருவரை விட்டுப்போன ஏறத்தாழ 12 மாதங்களில் அதே ஆளிடம் அடிக்கடித் திரும்பி வந்தது தெரிந்தது. இந்த ஆய்வு 2020 செப்டம்பரில் வெளியானது.

ஹாங்காங் விமான நிலையத்தில்

அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2020 ஆகஸ்ட்டில், ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். ஸ்பெயினிலிருந்து பிரிட்டன் வழியாகத் திரும்பிய 33 வயது ஆடவருக்கு விமான நிலையப் பரிசோதனையில் தொற்று உறுதியானது. அவருக்கு மார்ச் மாதத்திலேயே ஒருமுறை வந்து குணமாகியிருந்தது. இடைவெளி 142 நாள்கள்.

பழைய கிருமியின் மிச்சம் உடலில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்ற ஐயம் எழுந்தது. இரண்டு கிருமிகளின் மரபணுத் தொடரையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் வெவ்வேறு. மறுதொற்று என்று அறிவியல்படி நிறுவப்பட்ட உலகின் முதல் சம்பவம் இதுவே.

அன்று நாளிதழ்களில் இது அச்சமூட்டும் செய்தியாக வந்தது. உள்ளே ஒரு நல்ல செய்தியும் இருந்தது. முதல்முறை காய்ச்சல், இருமல், தலைவலி என அவதிப்பட்டவருக்கு இரண்டாம் முறை அறிகுறியே இல்லை. விமான நிலையத்தில் பரிசோதிக்காமல் விட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது.

வாசற்காவலரும் உள்வீட்டுக் காவலரும்

நம் ரத்தத்திலும் மூக்கின் ஈரப் படலத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும் எதிர்ப்பொருள்களை வாசற்காவலர்கள் எனலாம். கிருமி உயிரணுவுக்குள் நுழைவதற்குமுன் அதைப் பிடித்து மடக்குவது இவற்றின் வேலை. ஆனால் ஆபத்து நீங்கியதும் உடல் இவற்றின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். எந்நேரமும் முழுப் படையையும் வாசலில் நிறுத்திவைக்க உடலுக்குக் கட்டுப்படியாகாது.

வாசலைத் தாண்டி உள்ளே வந்த கிருமியைக் கவனிப்பவை டி உயிரணுக்கள். தொற்றுக்கு ஆளான உயிரணுவைத் தேடிக் கண்டுபிடித்து அழிப்பவை இவை. பழைய கிருமியை நினைவில் வைத்திருக்கும் பி உயிரணுக்களும் உண்டு. அவை சில நாள்களில் புதிய எதிர்ப்பொருள்களைத் தயாரித்துத் தரும். இந்தச் சில நாள் தாமதத்தில்தான் உங்களுக்குத் தொண்டை வலிக்கிறது, பரிசோதனைக் கருவியில் கோடு தெரிகிறது. பிறகு உள்வீட்டுக் காவலர்கள் வந்துவிடுவதால் பெரும்பாலானோருக்கு நோய் நுரையீரல்வரை போய்ப் பெரிதாவதில்லை.

ஆளுக்கு ஆள் இது மாறுபடும். டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியும் நமது தேசியத் தொற்றுநோய் நிலையமும் சேர்ந்து, குணமடைந்த 164 பேரை ஆறு மாதங்களுக்குத் தொடர்ந்து கவனித்தன. கிருமியை முடக்கும் எதிர்ப்பொருள் சுமார் 12 விழுக்காட்டினரிடம் கண்டறியும் அளவுக்கு உருவாகவே இல்லை. 27 விழுக்காட்டினரிடம் உருவாகி விரைவில் மறைந்தது. 32 விழுக்காட்டினரிடம் அவ்வளவாகக் குறையவே இல்லை. இந்தப் பாதுகாப்பு சிலருக்கு 40 நாள்களிலேயே தீரலாம், சிலருக்குப் பல பத்தாண்டுகள் நீடிக்கலாம் என்று கணித்தனர். எதிர்ப்பொருள் குறைந்தவர்களிடமும் டி உயிரணுக்கள் நன்றாகவே இருந்தன என்பது 2021ல் வெளிவந்த அந்த ஆய்வின் ஆறுதலான பகுதி. ஆக, ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் குறைவு என்று வந்தால் உடல் எல்லாவற்றையும் மறந்துவிட்டது என்று பொருளில்லை.

17 ஆண்டு நினைவாற்றல்

டி உயிரணுக்கள் எவ்வளவு காலம் நினைவு வைத்திருக்கும்? இதற்கு விடை சொல்லச் சிங்கப்பூரைவிடப் பொருத்தமான இடம் அதிகமில்லை. 2003ல் சார்ஸ் இங்கே 238 பேரைத் தாக்கி 33 பேரின் உயிரைப் பறித்தது. அன்று பிழைத்தவர்களில் 23 பேரின் ரத்தத்தை ஆண்டோனியோ பெர்டோலெட்டி குழுவினர் 2020ல் பரிசோதித்தனர். 17 ஆண்டுகள் ஆன பின்னும் சார்ஸ் கிருமியை அடையாளம் காணும் டி உயிரணுக்கள் அவர்களிடம் இருந்தன. அவை புதிய கொரோனா கிருமியின் சில பகுதிகளையும் அடையாளம் கண்டுகொண்டன.

அடுத்த ஆண்டு வாங் லின்ஃபா குழுவினர் இன்னொன்றைக் கண்டனர். சார்ஸிலிருந்து பிழைத்த 8 பேர் கொவிட்-19 தடுப்பூசி போட்டுக்கொண்டதும், அவர்களின் எதிர்ப்பொருள்கள் கொவிட் கிருமியின் பல திரிபுகளோடு விலங்குகளிடம் காணப்படும் அதன் உறவுக் கிருமிகளையும் முடக்கின. வருங்காலக் கிருமிகளுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி என்ற முயற்சிக்கு இது ஊக்கம் தந்தது.

வேடம் மாற்றும் கிருமி

காவலர் குறைவது ஒரு காரணம். கிருமி வேடம் மாற்றுவது இன்னொரு காரணம். பிரிட்டனின் ஆக்ஸ்ஃபர்டில், ஏற்கெனவே தொற்று வந்து குணமான 36 இளம் தொண்டூழியர்களின் மூக்கில் பழைய கிருமியையே விட்டார்கள். தொற்றே வராத இளையர்களிடம் முன்பு லண்டனில் நடந்த சோதனையில், சிறு அளவே ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொற்றப் போதுமானதாக இருந்தது. ஆக்ஸ்ஃபர்டிலோ அதைப்போல் 10,000 மடங்குவரை உயர்த்தியும் எவருக்கும் தொற்று நீடிக்கவில்லை. வாசல் அவ்வளவு உறுதியாக இருந்தது. ஆனால் பின்னர் ஓமிக்ரான் பரவியபோது அவர்களில் பலருக்குத் தொற்று வந்துவிட்டது.

2021 நவம்பரில் தலைகாட்டிய ஓமிக்ரானின் கூர்ப்புரதத்தில் 30க்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. பழைய முகத்தைத் தெரிந்துவைத்திருந்த வாசற்காவலர்களால் அதை அடையாளம் காண முடியவில்லை. டி உயிரணுக்களோ கிருமியின் பல பகுதிகளைப் பார்த்து அடையாளம் காண்பவை. அத்தனையையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்வது கிருமிக்குக் கடினம்.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

“அப்படியென்றால் வரட்டுமே, வந்தால் எதிர்ப்பாற்றல் கூடும்தானே” என்று நினைக்க வேண்டாம். தொற்றின் மூலம் கிடைக்கும் எதிர்ப்பாற்றலுக்கு விலை உண்டு. அண்டை நாடான மலேசியாவில் மட்டும் 35,000க்கும் மேற்பட்டோர் கொவிட்-19க்குப் பலியானார்கள். குணமான பிறகும் மாதக்கணக்கில் களைப்பு, மூச்சிரைப்பு என்று அல்லல்படுவோர் உண்டு. அதே பாடத்தை உடலுக்குப் பாதுகாப்பாகக் கற்றுத்தரும் வழிதான் தடுப்பூசி.

வயதாக ஆகப் புதிய கிருமிகளைக் கற்றுக்கொள்ளும் டி உயிரணுக்கள் குறைகின்றன. புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டோர் ஆகியோரின் உள்வீட்டுக் காவலும் பலவீனமானது. மூத்தோரும் இவர்களும் கூடுதல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் வலியுறுத்துவது இதனால்தான்.

அடுத்தமுறை இரண்டாவது கோடு தெரிந்தால் உங்கள் உடல் தோற்றுவிட்டது என்று கலங்காதீர்கள். உள்ளே வேலை நடக்கிறது. ஆனால் அந்தச் சில நாள்களுக்கு முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள், பாட்டி தாத்தாவைப் பார்க்கப் போவதைத் தள்ளிப்போடுங்கள். உங்களுக்குச் சாதாரணச் சளியாகப் போகும் கிருமி, அவர்கள் வீட்டு வாசலில் காவலே இல்லாமல் இருக்கும் நேரத்தில் போய் நிற்கலாம்.