படம் ஓடுகிறது, சத்தத்தைக் காணோம்!

றிசீவரைக் குப்பைக்கு அனுப்புமுன் ஒருமுறை வாசியுங்கள்

லாச்சப்பல் மெற்றோவுக்கு அருகே, நான்காம் மாடியில், அண்மையில் பாரிசுக்கு வந்து சேர்ந்த ஒரு குடும்பம் வசிக்கிறது. கணவனின் தமையனார் இங்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவரிடம் ஒரு வீடியோ கசற் இருந்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குச் சில மாதங்களுக்கு முன், ஊரில் மின்சாரம் இல்லாத அந்த நாட்களில், பற்றரிக் கமெராவால் எடுக்கப்பட்டது. திண்ணையில் அமர்ந்து பாரிசில் இருக்கும் மூத்த மகனோடு கதைக்கிறார் தாயார். அந்த அம்மா இப்போது இல்லை. அவருடைய குரல் இருப்பது அந்த ஒரு கசற்றில் மட்டுமே.

தாயாரின் திவச நாளன்று எல்லோரும் கூடினார்கள். தமையனார் தன் பழைய வீடியோ டெக்கைக் கொண்டுவந்தார். தம்பி வீட்டில், பாவித்த பொருட்கள் விற்கும் கடையொன்றில் மலிவாக வாங்கிய றிசீவரும் ஐந்து ஸ்பீக்கர்களும் இருந்தன. படம் வந்தது. அம்மாவின் உதடுகள் அசைந்தன. சத்தம் மட்டும் இல்லை.

"கசற் பழுதாய்ப் போச்சு" என்றார் தமையனார். "றிசீவர்தான் பழுது, ஏமாந்து போனம்" என்றார் தம்பி. வீட்டுக்காரப் பிள்ளைதான் எனக்குத் தொலைபேசி எடுத்தார்: "அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோ. இவை ரெண்டையும் எறியப் போகினம்."

இரண்டுமே பழுதில்லை. அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை எழுதினால் மற்றக் குடும்பங்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

சத்தம் போகும் பாதை

சத்தத்துக்கு ஒரு பாதை உண்டு. வீடியோ டெக், டி.வி.டி., இணையப் பெட்டி அல்லது ரிவியில் அது தொடங்குகிறது. வயர் வழியாக றிசீவருக்குள் போகிறது. றிசீவர் அதைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிறது. பாதையில் ஓரிடத்தில் கதவு மூடியிருந்தாலும் வீடு முழுக்க மௌனம்தான். எல்லா வயரையும் ஒரேயடியாகக் கழற்றிப் பூட்டினால் எந்தக் கதவு மூடியிருந்தது என்று தெரியவராது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

தொடங்குமுன் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். திடீரென்று முழுச் சத்தமும் வந்தால் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் முகட்டைத் தட்டுவார்! எந்த வயரையும் தொடுமுன் மின்சார பிளக்கைக் கழற்றுங்கள். றிசீவரின் மூடியை ஒருபோதும் திறக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உள்ளே மின் தேங்கி நிற்கும், அது ஆபத்தானது.

1. முகப்பைப் பாருங்கள்

சத்தத்தை அடைக்கும் பொத்தான் றிமோட்டில் உள்ளது. பிரெஞ்சில் அதை 'மூயே' என்பார்கள். தெரியாமல் கை பட்டிருக்கலாம்.

பல றிசீவர்களில் சத்தத்தின் அளவு கழித்தல் குறியோடு காட்டப்படும். அங்கே கழித்தல் 70 என்றால் ஏறக்குறைய மௌனம்; கழித்தல் 30 என்றால் நன்றாகக் கேட்கும். 70 பெரிய எண் என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

முகப்பில் ஹெட்போன் செருகியிருந்தால் ஸ்பீக்கர்கள் தாமாகவே நின்றுவிடும். பிரெஞ்சில் ஹெட்போனுக்குக் 'கஸ்க்' என்று பெயர். 'ஸ்பீக்கர் ஏ', 'ஸ்பீக்கர் பி' என்ற பொத்தான்கள் இரண்டும் நிறுத்தப்பட்டிருந்தாலும் சத்தம் வராது. பழைய றிசீவர்களில் 'டேப் மொனிற்றர்' என்றொரு பொத்தான் இருக்கும். அது அழுத்தப்பட்டிருந்தால் றிசீவர் வராத ஒரு கசற் டெக்கின் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

2. வானொலியைப் போடுங்கள்

றிசீவருக்குள்ளேயே எப்.எம். வானொலி இருந்தால் இதைவிட நல்ல சோதனை இல்லை. பின்புறம் அன்ரனா வயரைச் செருகி, பாரிசில் 87.8இல் வரும் பிரான்ஸ் அந்தேரைப் பிடியுங்கள். அங்கே குரல் கேட்டால் றிசீவரும் ஸ்பீக்கரும் நலம். பிழை அவற்றுக்கு முந்திய பாதையில் உள்ளது. அங்கேயும் மௌனம் என்றால் றிசீவர் பக்கமும் ஸ்பீக்கர் பக்கமும் தேடுங்கள். ஒரே சோதனையில் தேடும் வேலை பாதியாகிறது.

3. ஸ்பீக்கர் வயர்

றிசீவர் போட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டுச் சில விநாடிகளில் தானாக நின்றுவிடுகிறதா? அல்லது 'புரொடெக்ட்' என்ற சொல் தெரிகிறதா? அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படிச் செய்கிறது. அநேகமாக ஸ்பீக்கர் வயரின் மயிர்போன்ற செப்புக் கம்பி ஒன்று வெளியே நீட்டி, பக்கத்துக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். பிளக்கைக் கழற்றி, கம்பிகளை முறுக்கி மறுபடி பூட்டுங்கள். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரு ஸ்பீக்கர் மட்டும் பேசாவிட்டால் பேசும் ஸ்பீக்கரின் வயரை அதற்குப் பூட்டிப் பாருங்கள். அப்போதும் மௌனம் என்றால் பிழை அந்த ஸ்பீக்கரில்.

4. எந்த வாசல்?

வயர் 'டி.வி.டி.' என்ற வாசலில் செருகப்பட்டிருக்க, றிமோட்டில் 'ரிவி' என்று அழுத்தினால் சத்தம் வராது. சொல் பொருந்த வேண்டும். பெட்டிகளின் பின்புறத்தில் 'அந்த்ரே' என்றால் உள்ளே வரும் வாசல், 'சோர்த்தி' என்றால் வெளியே போகும் வாசல். டெக்கின் சோர்த்தி றிசீவரின் அந்த்ரேக்குப் போக வேண்டும்.

எச்.டி.எம்.ஐ. வயரால் ரிவியின் சத்தத்தை றிசீவருக்குத் திருப்பி அனுப்புவதானால், இரு பக்கமும் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதிய வாசலிலேயே செருக வேண்டும். ரிவியில் அநேகமாக ஒரு வாசலில்தான் அந்த எழுத்து இருக்கும். இந்த வசதி 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 முறையோடு அறிமுகமானது. அதற்கு முந்திய றிசீவர்களில் இது இருக்காது. ஒளி வயரைப் பாவியுங்கள். ஒளி வயரின் இரு நுனிகளிலும் உள்ள சிறிய பிளாஸ்ரிக் தொப்பிகளைக் கழற்ற மறக்கவேண்டாம். ரிவியில் பூட்டிய வயரின் மறுநுனியில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் ரிவி சத்தத்தை அனுப்புகிறது என்று கொள்ளலாம்.

5. சில சனலில் மட்டும் மௌனமா?

ஒரு சனலில் சத்தம் வந்து மற்றதில் வராவிட்டால், றிசீவருக்குப் புரியாத வடிவத்தில் சத்தம் போகிறது என்று அர்த்தம். ரிவியின் அல்லது இணையப் பெட்டியின் மெனுவில் 'சோன்' என்ற பகுதிக்குப் போங்கள். பிரெஞ்சில் அது சத்தம். அங்கே 'சோர்த்தி ஓடியோ' என்பதில் 'பி.சி.எம்.' என்பதைத் தெரிவு செய்யுங்கள். எல்லா றிசீவருக்கும் புரியும் எளிய வடிவம் அது.

பெரிதெல் என்ற பிரெஞ்சுக்காரன்

இனி அந்த வீட்டுக்கு வருவோம். வானொலியைப் போட்டேன்; ஐந்து ஸ்பீக்கரும் பேசின. றிசீவர் பிழைத்தது. அடுத்து, மெனுவில் நிறுத்தி வைத்திருந்த ரிவியின் சொந்த ஸ்பீக்கரைத் திறந்தேன். மெல்லியதாக, தகரத்துக்குள் இருந்து வருவதுபோல, அம்மாவின் குரல் வந்தது. கசற்றும் பிழைத்தது. மிஞ்சியது டெக்குக்கும் றிசீவருக்கும் இடையே இருந்த ஒரு சிறு துண்டு.

பிரான்சில் வாழ்ந்த பழைய ரிவிகளிலும் டெக்குகளிலும் 21 முனைகள் கொண்ட பெரிய செருகி ஒன்று உண்டு. அதுதான் பெரிதெல். 1980களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அரசு ரிவிகளில் கட்டாயமாக்கியது. சத்தம் உள்ளே வரவும் வெளியே போகவும் அதில் வெவ்வேறு முனைகள் உள்ளன. றிசீவரின் சிவப்பு, வெள்ளை வயர்களை அதில் பூட்ட ஒரு மாற்றி வேண்டும். அந்த மாற்றியின் பக்கத்தில் நகம் அளவில் ஓர் ஆளி இருக்கும்: ஒரு பக்கம் அந்த்ரே, மறுபக்கம் சோர்த்தி.

டெக்கிலிருந்து ஒரு பெரிதெல் வயர் நேரே ரிவிக்குப் போயிருந்ததால் படம் வந்தது. மற்றச் செருகியில் இருந்த மாற்றியின் ஆளி அந்த்ரே பக்கம் நின்றது. நகத்தால் தள்ளினேன். அவ்வளவுதான்.

வாங்கும்போது கவனியுங்கள்

கடையில் வாங்கினால் பற்றுச்சீட்டை, அதாவது 'ஃபக்தூரை', கட்டாயம் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிரெஞ்சுச் சட்டப்படி கடைக்காரர் விற்ற பொருளுக்கு இரண்டு ஆண்டு உத்தரவாதம் உண்டு. பாவித்த பொருளுக்கும் அது பொருந்தும். அதில் முதல் 12 மாதங்களுக்குள் தெரியவரும் பிழை வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். தனியாரிடம் கைமாற்றாக வாங்கினால் இந்த உத்தரவாதம் இல்லை. வாங்குமுன் அங்கேயே போட்டுக் கேளுங்கள். இணையத்தில் கடைக்காரரிடம் வாங்கியதை 14 நாட்களுக்குள் திருப்ப உரிமை உண்டு. கடைக்கு நேரில் போய் வாங்கியதற்குச் சட்டம் அந்த உரிமையைத் தரவில்லை.

கனடாவில் இருந்து உறவினர் கொண்டுவந்த றிசீவரை அப்படியே செருகவேண்டாம். அங்கே மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. பின்புறத்தில் எழுதியிருப்பதை வாசித்த பிறகே செருகுங்கள். றிசீவரின் மேலே துணி விரித்துப் பூச்சாடி வைப்பதும் வேண்டாம். காற்றுப் போகாவிட்டால் சூடேறி நின்றுவிடும்.

இன்னுமொன்று. 2016க்குப் பின் புதிய வீடியோ டெக்குகள் உற்பத்தியாவதில்லை. உங்கள் வீட்டிலும் இப்படியொரு கசற் இருந்தால், டெக் ஓடும்போதே அதைக் கணினிக்கு மாற்றி இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.

ஆளியைத் தள்ளியதும் அறை முழுவதும் அம்மாவின் குரல் நிறைந்தது. "தம்பி, அங்க குளிராமே, காதை மூடிக்கொண்டு திரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாளும் அவரைக் கண்டிராத பேரப்பிள்ளைகள் ஸ்பீக்கருக்குக் கிட்டப் போய் அமர்ந்தார்கள். தமையனார் எழுந்து யன்னல் பக்கம் போய் நின்றார். எறியவிருந்த கசற்றை அன்றிரவே தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.